வழங்கல் சங்கிலியில் மென்பொருள் முகவர்கள்

மென்பொருள் முகவர் என்பது ஒரு நிறுவனத்தின் சார்பில் தகவல் திரட்டி, பிற முகவர்களுடன் பேரம் பேசி, தானே முடிவெடுக்கும் கணினி நிரல் ஆகும். இத்தகைய முகவர்கள் பல சேர்ந்து இயங்குவது பல்முகவர் முறைமை எனப்படும். மாறும் சூழலுக்கேற்ப வழங்கல் சங்கிலியைத் திருத்தியமைக்க இம்முறைமை உதவுகிறது.

தேவை

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மறைமலை நகரில் போர்டு நிறுவனம் 2022 வரை மகிழுந்துகளை உற்பத்தி செய்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது இவ்வாலையிலும் சென்னையைச் சுற்றியுள்ள பிற ஆலைகளிலும் உற்பத்தி தடைப்பட்டது. உதிரிப்பாகங்களை மிகுதியாக இருப்பு வைக்காமல் உரிய வேளையில் வரவழைக்கும் ஆலைகளில், ஒரு பாகம் வராவிடினும் உற்பத்தி வரிசை முழுவதும் நின்றுவிடக்கூடும். அதனால் சிறு வழங்குநர்களும் வருவாய் இழப்பர்.

செயற்படும் விதம்

ரீட் சிமித் 1980 இல் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறை இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. இதன்படி, தேவையுள்ள முகவர் அறிவிப்பு விடுக்கும். வழங்குநர் முகவர்கள் விலை, அளவு, நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்மொழிவு அனுப்பும். அவற்றுள் பொருத்தமானது தெரிவு செய்யப்படும்.

எடுத்துக்காட்டாக, சென்னை–திருச்சி நெடுஞ்சாலை வெள்ளத்தால் துண்டிக்கப்பட்டால், போக்குவரத்து முகவர் மாமல்லபுரம் வழியான கிழக்குக் கடற்கரைச் சாலையின் நிலையை ஆராய்ந்து, சரக்கு வந்துசேரும் புதிய நேரத்தைத் தெரிவிக்கும். அதற்கேற்ப ஆலை முகவர் உற்பத்தி ஒழுங்கை மாற்றியமைக்கும்.

வரம்புகள்

மாற்று வழியோ மாற்று வழங்குநரோ இல்லாதவிடத்து முகவர்களால் பயன் விளையாது. மேலும், இருப்பு, விலை முதலிய தகவல்களைப் பகிர நிறுவனங்கள் தயங்குவதும் ஒரு தடையாகும்.