டக்... டக்... சத்தம் கேட்டால் கணினியை நிறுத்துங்கள்!

கணினி கெட்டுப்போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இருந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது? அதனால் இன்று ஹார்ட் டிஸ்க், அதாவது வன்தட்டு பற்றிப் பேசுவோம்.

இது நமக்கு அந்நியமான பொருளல்ல. பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பல ஆண்டுகள் ஹார்ட் டிஸ்க் தயாரித்தது. 2019 இறுதிக்குள் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள். ஆனால் வாங்கி வைத்த டிஸ்க்குகள் இன்னும் பல வீடுகளில் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன.

சுழல்வது என்றால் சாதாரணச் சுழற்சியல்ல. நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 சுற்று. அந்தத் தட்டின் மேல் ஒரு சிறு முனை, தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்தபடி படிக்கிறது. முனை பழுதானால் 'டக்... டக்...' என்று சத்தம் வரும். உடனே கணினியை நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று திரும்பத் திரும்ப இயக்கினால் முனை தட்டைச் சுரண்டிவிடும். சுரண்டிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பார்கள், நம்ப வேண்டாம். திறந்து பார்ப்பது அதைவிட மோசம். ஒரு தூசி போதும்.

சத்தமில்லை, மெதுவாக இருக்கிறது, சில கோப்புகள் திறக்க மறுக்கின்றன என்றால், முதலில் முக்கியமானவற்றை வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். பழுது பார்க்கும் மென்பொருளை அதற்குப் பிறகு ஓட்டலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். இப்போதைய எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகமே இல்லை. சில நேரம் சத்தமே போடாமல் போய்விடும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் கடினம்.

விண்டோஸ் வரவில்லை என்றால் பதறாதீர்கள். பல நேரங்களில் டிஸ்க் நன்றாகவே இருக்கும். கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் இணைத்தால் கோப்புகள் தெரியும். கடைக்காரர் "ஃபார்மட் பண்ணவா?" என்று கேட்டால், நகலெடுத்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

2021 டிசம்பர் வெள்ளத்தை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளானிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்கவோ, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டவோ கூடாது. மின்சாரமும் கொடுக்கக் கூடாது. பல டிஸ்க்குகளில் காற்றுக்கென ஒரு துளை உண்டு. சேறு அதன் வழியே போயிருந்தால், காய்ந்ததும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி, தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். செலவு அதிகம். முதலிலேயே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். கிள்ளானில் இருப்பவர் ஒரு டிஸ்க்கைப் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அக்காள் வீட்டில் வைக்கலாம். அக்காளின் டிஸ்க் கிள்ளானுக்கு வரட்டும். இணையச் சேமிப்பும் நல்லதுதான். ஆனால் கணினியோடு தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை போன்ற வைரஸ்கள் கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை இணைத்து, நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, படம் தெரிய வேண்டும்.