வீட்டுப் பழங்கிணறு: மூடுமுன் சற்றுச் சிந்தியுங்கள்!

வெளிநாட்டில் பிள்ளை உழைத்து அனுப்பிய பணத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொல்லைப்புறத்தை அளக்க வந்த கொத்தனார் முதலில் கேட்கும் கேள்வி, "இந்தக் கிணற்றை என்ன செய்வது?" என்பதுதான். "இடிபாட்டைக் கொட்டி மூடிவிடுங்கள்" என்னும் பதிலும் உடனே கிடைத்துவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு நீர் கொடுத்த கிணற்றின் முடிவு ஒரு நிமிடப் பேச்சில் தீர்மானமாகிவிடுகிறது.

அன்பிற்குரிய நேயர்களே! நம் முன்னோர் மனை வாங்கியதும் சுவர் எழுப்புமுன்னே கிணறு தோண்டினார்கள். உளூச் செய்யவும், சமைக்கவும், பெண்கள் தெருவுக்கு வராமலேயே நீர் எடுத்துக்கொள்ளவும் அது உதவியது. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு அறமாக வழங்கிய ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றை அறிந்த சமுதாயம் நாம். எனவே, பயன்படாத கிணற்றைப் பற்றி முடிவெடுக்கும்போதும் நிதானம் வேண்டும்.

முதல் கடமை பாதுகாப்பு

வைத்துக்கொள்வதா, மூடுவதா என்பதைப் பிறகு பேசலாம். இன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. குழந்தைகள் எட்டிப் பார்க்க முடியாத உயரத்திற்குக் கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள். மேலே வலுவான இரும்புக் கம்பி வலையைப் பொருத்திப் பூட்டுங்கள். பலகையும் தகரமும் போட்டு மறைப்பது பாதுகாப்பு ஆகாது. அது ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதாகும்.

கான்கிரீட் பலகை போட்டு மேலே நடமாடுவதும் அத்தகையதே. 2022 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஒரு திருமண வீட்டு நிகழ்ச்சியின்போது பழங்கிணற்றின் மேல்மூடி உடைந்து, பெண்களும் சிறுமியருமாகப் 13 பேர் மாண்டனர். 2023 மார்ச்சில் இந்தூர் நகரக் கோயில் ஒன்றில் படிக்கிணற்றின் மீது போடப்பட்டிருந்த தளம் சரிந்து 36 பேர் உயிரிழந்தனர். கிணற்றின் மேல் இருக்கிறோம் என்பதையே பலர் மறந்திருக்கும் இடத்தில் கூட்டம் கூடினால் என்ன நேரும் என்பதற்கு இவை சான்றுகள். நம் வீடுகளிலும் கல்யாணம், விருந்து என்று கூட்டம் கூடுகிறதல்லவா?

யாரும் இறங்கவேண்டாம்

நெடுநாள் பயன்படாத கிணற்றின் அடியில் கரியமில வாயு போன்ற கனமான வாயுக்கள் தங்கியிருக்கும். சேறும் சருகும் அழுகுவதால் நச்சு வாயுவும் உண்டாகும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் போதுமானது அன்று. சுடர் அணையாத இடத்திலும் நச்சு வாயு இருக்கக்கூடும். 2025 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில் கிணற்றைச் சுத்தம் செய்யும் முயற்சியில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதே இத்தகைய விபத்துகளில் மரணத்தைப் பெருக்குகிறது. ஆகவே வாளி விழுந்தாலும் பாதாளக் கரண்டியால் எடுங்கள். தூர் வாருவதாயின் காற்றைச் சோதிக்கும் கருவியும் இடுப்புக் கயிறும் உடைய, தொழில் தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

மழையை உள்ளே விடுங்கள்

வறண்ட கிணற்றுக்கும் வேலை இருக்கிறது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 80,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் மிஞ்சும். இதைத் தெருவில் ஓடவிட்டு, பிறகு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பது வீண்விரயம் அல்லவா? தமிழக அரசு 2003 இல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கிணறு உள்ளவர்களுக்குப் புதிதாகப் பெருங்குழி தோண்டும் செலவு மிச்சமாயிற்று.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இதன் மதிப்பு இன்னும் பெரிது. கடலோர மணற்பாங்கில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்புநீரை விலக்கி நிறுத்தும் என்பது நீரியல் கணக்கு. மேலே நீர்மட்டம் குறையக் குறைய, கீழிருந்து உப்பு ஏறும்.

மாடிக் குழாயை நேரே கிணற்றில் விடாதீர்கள். கூழாங்கல், ஜல்லி, மணல் நிரப்பிய வடிகட்டித் தொட்டி வழியாக விடுங்கள். முதல் மழையை வெளியேற்றிவிடுங்கள். குளியலறை நீரும் தெரு நீரும் ஒருபோதும் உள்ளே வரக்கூடாது. கிணற்று நீரைக் குடிக்க எண்ணினால் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள். கழிவுத்தொட்டி அருகில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை.

மூடித்தான் ஆகவேண்டுமென்றால்

சுவர் சரிகிறது, கழிவுநீர் கசிகிறது, இடமே இல்லை என்னும் நிலை சில வீடுகளில் உண்டு. அப்போதும் குப்பை, பிளாஸ்டிக், மருந்துப் புட்டி, வண்ணப்பூச்சு டப்பா ஆகியவற்றைக் கொட்டாதீர்கள். உங்கள் கிணற்றின் ஊற்று உங்கள் வேலிக்குள் நிற்பதில்லை. நீங்கள் கொட்டியது அண்டை வீட்டாரின் தண்ணீரில் கலக்கும். அவர்களின் ஹக்கு அதில் இருக்கிறது. சுத்தமான மணலும் மண்ணும் கொண்டு அடுக்கடுக்காக நிரப்பி, மேலே களிமண் இட்டுக் கெட்டிப்படுத்துங்கள். நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் தாழ்ந்துகொண்டே இருக்கும். பொறியாளரைக் கேளாமல் அங்கே தூணோ சுவரோ எழுப்பவேண்டாம். கிணறு இருந்த இடத்தை வீட்டு வரைபடத்தில் குறித்து, பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். நாளை அந்த வீட்டில் வாழ்பவர்களுக்கு அது தெரியவேண்டும்.

அதற்கும் முன்பாகப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பல குடும்பங்களில் வீடு பிரிக்கப்பட்டிருக்கும். கிணறு மட்டும் பொதுவில் விடப்பட்டிருக்கும். லாத்தாவுக்கோ சாச்சாவின் பிள்ளைகளுக்கோ நீர் எடுக்கும் பாத்தியம் அதில் எழுதப்பட்டிருக்கலாம். அவர்களைக் கேளாமல் மூடினால், அடைபடுவது கிணறு மட்டுமல்ல, உறவும்தான்.

கம்பி வலை போட்டு, மழைக்குழாய் இணைத்து வைத்த கிணற்றைப் பத்தாண்டு கழித்தும் மூடிக்கொள்ளலாம். மூடிய கிணற்றைத் திரும்பத் தோண்டுவதோ எளிதன்று. எனவே, ஐயம் இருக்கும்வரை மூடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வலையையும் குழாயையும் பொருத்திவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து நீர்மட்டத்தை அளந்து பாருங்கள். அதன்பின் குடும்பத்தாரோடு கூடி ஆலோசித்து முடிவெடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த முடிவில் உங்களுக்குப் பின்னால் வருத்தம் இராது.