மன்னிப்பிற்குப் பின் எஞ்சுவது எது? கிறித்தவ மரபுகளில் மீட்பும் இறப்பிற்குப் பிந்தைய தீர்ப்பும்

முன்னுரை

மனிதர் இறந்தபின் இறைவனின் தீர்ப்பிற்கு உட்படுவர் என்பதும், கிறித்துவின் சிலுவைச் சாவினால் பாவமன்னிப்புக் கிடைக்கிறது என்பதும் பெரும்பாலான கிறித்தவப் பிரிவுகளுக்குப் பொதுவான நம்பிக்கைகளாகும். ஆயினும், இறந்தோருக்காக உயிருடன் இருப்போர் வேண்டலாமா என்னும் வினாவிற்கு அவை ஒரே விடையைத் தருவதில்லை. கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாளில் இறந்தோர் அனைவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர். சீர்திருத்தச் சபைகள் பலவும் இறந்தவரின் வாழ்விற்காக நன்றி கூறித் துயருறுவோரின் ஆறுதலுக்காக வேண்டுவதோடு அமைகின்றன. மன்னிப்பு எதனை நீக்குகிறது, எதனை எஞ்சவிடுகிறது என்னும் அடிப்படை வினாவிலிருந்தே இவ்வேறுபாடு பெரிதும் தோன்றுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைத் தீர்ப்பு

விவிலியம் தீர்ப்பை இரு நிலைகளில் காட்டுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் எல்லா மக்களினத்தாரும் ஒருங்கே நிறுத்தப்பட்டு, ஆடுகளும் வெள்ளாடுகளும் போலப் பிரிக்கப்படுகின்றனர். அங்குப் பசித்தோர்க்கு உணவளித்ததும் சிறையிலிருந்தோரைக் காணச் சென்றதும் அளவுகோல்களாகின்றன. லூக்கா நற்செய்தியிலோ செல்வரும் இலாசரும் இறந்தவுடனேயே தத்தம் நிலையை அடைகின்றனர் (16:19-31). இவற்றைத் தழுவி, இறந்தவுடன் ஒவ்வொருவரும் பெறும் தனித்தீர்ப்பு என்றும், உலக முடிவில் அனைவரும் பெறும் பொதுத்தீர்ப்பு என்றும் இறையியலார் பகுத்தனர்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ஆன்மாவின் நிலை யாது என்பது 14ஆம் நூற்றாண்டில் பெரும் விவாதப் பொருளாயிற்று. பொதுத்தீர்ப்பு வரை தூயோரும் இறைவனை முழுமையாகக் காண்பதில்லை என்று திருத்தந்தை 22ஆம் யோவான் மறையுரைகளில் கூறியது எதிர்ப்பை எழுப்பியது. இறக்குமுன் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். தூய்மைப்படவேண்டிய தேவையற்ற ஆன்மாக்கள் இறந்தவுடனேயும், அத்தேவையுடையவை தூய்மைப்பட்ட பின்னரும் இறைவனைக் காண்கின்றன என 1336இல் 12ஆம் பெனடிக்ட் வரையறுத்தார்.

குற்றமும் தண்டனையும்

‘தூய்மைப்பட்ட பின்னர்’ என்பதே கத்தோலிக்கக் கோட்பாட்டின் மையமாகும். பாவத்திற்கு இரண்டு விளைவுகள் உண்டு என அம்மரபு கொள்கிறது. ஒன்று, இறைவனோடுள்ள உறவை முறிக்கும் குற்றம். மற்றொன்று, பாவத்தால் விளைந்த சீர்கேட்டிற்கு உரிய தற்காலத் தண்டனை. பொருளைப் பறிகொடுத்தவர் திருடியவரை மன்னித்துவிடலாம். எனினும் பொருளைத் திருப்பித்தரும் கடமையும், திருடிப் பழகிய மனத்தைத் திருத்தும் தேவையும் மன்னிப்போடு மறைந்துவிடுவதில்லை. அவ்வாறே, மன்னிக்கப்பட்டும் முழுமையாகத் தூய்மையுறாமல் இறப்போர் தூய்மை பெறும் நிலையே உத்தரிக்கும் நிலையாகும். அது நரகத்திற்கும் விண்ணகத்திற்கும் இடையே தீர்ப்பை ஒத்திவைக்கும் இடமன்று. அங்குள்ளோர் அனைவரும் மீட்பு உறுதியானவர்களே. போரில் இறந்தோரின் பாவத்திற்காக யூதா மக்கபே எருசலேமிற்குப் பொருள் அனுப்பிய செய்தியை (2 மக்கபேயர் 12) கத்தோலிக்கர் இதற்குச் சான்றாகக் காட்டுவர். இக்கோட்பாட்டைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் மீண்டும் உறுதிசெய்தது.

சீர்திருத்த மறுப்பு

1517இல் மார்ட்டின் லூதர் எதிர்த்த சீட்டுகளைத் தமிழ் வரலாற்று நூல்கள் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ எனக் குறிக்கின்றன. கோட்பாட்டளவில் அவை குற்றத்தை மன்னிப்பவையல்ல. தற்காலத் தண்டனையைத் தளர்த்துபவை. விற்பனையின்போது அவ்வேறுபாடு மக்களிடையே மங்கிப்போயிற்று. லூதர் தம் 95 கருத்துரைகளில் உத்தரிக்கும் நிலையை மறுக்கவில்லை. பின்னரே, 1530களில், அதனை வெளிப்படையாகப் புறக்கணித்தார். கிறித்துவின் பலி முழுமையானது. நம்பிக்கையினால் ஏற்புடையவராக்கப்பட்டவர்மீது செலுத்தவேண்டிய தண்டனை எஞ்சுவதில்லை என்பதே அவர்தம் வாதத்தின் அடிப்படை. மக்கபேயர் நூல்களும் சீர்திருத்தச் சபைகளின் விவிலியத் திருமுறையில் இடம்பெறவில்லை. எனவே இறந்தோருக்காக ஈடுசெய்யும் தேவையே அங்கு எழுவதில்லை. நற்செயல்கள் மீட்பின் விலையாகக் கொள்ளப்படாமல் அதன் கனிகளாகக் கொள்ளப்படுகின்றன.

கிழக்குச் சபைகளின் நிலை

கிழக்கு ஆர்த்தடாக்சு மரபு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. இறந்த 3, 9, 40ஆம் நாள்களில் அச்சபையினர் இறந்தோருக்காக வேண்டுகின்றனர். ஆனால், 1439இல் புளோரன்சு பொதுச்சங்கத்தில் இரு சபைகளின் ஒன்றிப்பு ஆணையில் எபேசு மாற்கு கையொப்பமிட மறுத்தார். தூய்மைப்படுத்தும் நெருப்புப் பற்றிய மேலைக் கோட்பாடும் அவர் எதிர்த்தவற்றுள் ஒன்று. கிழக்கு மரபு பாவத்தைக் கடனாக அன்றி நோயாகவே மிகுதியும் காண்பதால், வேண்டுதல் அங்குக் கடன் தீர்க்கும் செயலாகாமல் அன்பின் உறவாகிறது.

தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாடு

தமிழ்க் கிறித்தவ வழக்கிலும் இவ்வேறுபாடு பதிந்துள்ளது. ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ கத்தோலிக்க வழக்கிற்கே உரியது. பாவ அறிக்கையைப் பழைய கத்தோலிக்கர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றனர்; அதற்கு வழிகாட்டும் தமிழ் நூலொன்று என்றிக்கே என்றீக்கசு அடிகளாரால் 1580இல் கொச்சியில் அச்சிடப்பட்டது. இன்று அவ்வருளடையாளம் ‘ஒப்புரவு’ எனப்படுகிறது. தண்டனையைவிட உறவின் புதுப்பிப்பை அச்சொல் முன்னிறுத்துகிறது. சீர்திருத்த வழக்கிலுள்ள ‘இரட்சிப்பு’ காப்பாற்றுதலைக் குறிக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு மிகுதியும் ஆளும் ‘மீட்பு’ என்பதோ, அடகுப்பொருளை மீட்டல்போல விலை கொடுத்து விடுவித்தலையும் நினைவூட்டும்.

முடிவுரை

மனிதர் தம் தகுதியால் அன்றி இறையருளாலேயே ஏற்புடையவராகின்றனர் என்பதைக் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் 1999இல் ஆகசுபர்க்கில் கூட்டறிக்கையாக வெளியிட்டனர். எனினும் உத்தரிக்கும் நிலை அவ்வறிக்கையின் பொருளாக அமையவில்லை. இறந்தவர் முழுமையாக இறைவன் கையில் இருப்பதால் செய்யவேண்டியது ஏதுமில்லை என்பது ஒரு மரபின் ஆறுதல். அவருக்காக இன்னும் அன்புடன் ஏதேனும் செய்யமுடியும் என்பது மற்றொரு மரபின் ஆறுதல். இரண்டும் இறைவனின் மன்னிப்பையே நம்பியிருக்கின்றன. அம்மன்னிப்பு மனிதரிடம் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதிலேயே வேறுபடுகின்றன.