இலைத்துளைப்பானும் அதன் சத்துருக்களும்

தக்காளி நாற்று நட்டு வேர் பிடித்த தோட்டத்தில், காலை வெயில் சாய்வாக விழும் வேளையில், செடியின் அடியிலைகளில் ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பச்சை நிறத்தின் நடுவே வெண்மையான கோடு ஒன்று வளைந்து வளைந்து, தன்னைத் தானே குறுக்கிட்டு, தொடங்கும் இடத்தில் மெல்லியதாகவும் போகப் போக அகன்றும் செல்வதைக் காணலாம். அக்கோட்டின் இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கருநிற எச்சம் படிந்திருக்கும். அகன்ற முனையில் மஞ்சள் நிறப் புழு ஒன்று, தலை என்று சொல்லத்தக்க அவயவம் எதுவும் இன்றி, வாயிலுள்ள கொக்கியால் இலையின் சதையைச் சுரண்டிக்கொண்டே முன்னேறுவதும் பிரத்தியட்சமாகத் தெரியும். மேல்தோலும் கீழ்த்தோலும் சேதப்படாமல் நிற்க, இடையிலுள்ள பச்சையை மட்டும் உண்டு வாழும் இந்தப் பிராணியைத்தான் வேளாண்மைத் துறையினர் இலைத்துளைப்பான் என்கிறார்கள்.

இதன் தாய் ஒரு சிறிய ஈ. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் உடலில் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். பெண் ஈ தன் முட்டையிடும் உறுப்பினால் இலையில் துளை போட்டு, ஊறி வரும் சாற்றை அருந்துகிறது; அத்தகைய துளைகளில் சிலவற்றில் மட்டுமே முட்டை வைக்கிறது. ஆண் ஈக்குத் துளையிடும் சக்தி இல்லையாதலால், பெண் போட்டுவிட்டுப் போன துளைகளையே அது உணவுக்கு நம்பியிருக்கிறது. இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் முட்டை பொரிந்து, ஏறக்குறைய ஒரு வாரம் இலைக்குள் வளர்ந்த புழு, தோலைப் பிறை வடிவமாகக் கீறி வெளியே வந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. உஷ்ணப் பிரதேசங்களில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது ஆரம்பமாகிவிடும்.

லிரியோமைசா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இந்த ஈக்களில் பல நாடுகளை அலைக்கழித்தவை அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. 1880-இல் விஞ்ஞானிகளால் பெயரிடப்பட்ட டிரைஃபோலி என்னும் இனம், ஃபுளோரிடா மாநிலத்துப் பண்ணைகளிலிருந்து சாமந்திச் செடியின் தண்டுக் குச்சிகளிலிருந்த இலைகளுக்குள் முட்டையாகவும் இளம் புழுவாகவும் மறைந்து பிரயாணம் செய்தது. 1976-இல் அவ்வாறே கென்யாவுக்கும் போய்ச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் காணப்பட்ட அது, ஆமணக்கிலும் பருத்தியிலும் தக்காளியிலும் தட்டைப்பயறிலும் வெள்ளரி, பீர்க்கு முதலான கொடிகளிலும் குடியேறியது. அதன் உறவினமான ஹுயிடோப்ரென்சிஸ், குளிர்ந்த மலைநாட்டுப் பயிர்களை விரும்புவது. 1926-இல் ஆர்ஜென்டீனாவில் பெயரிடப்பட்ட அந்த ஈ, 1994-இல் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா மலைகளிலும், அதே தசாப்தத்தில் இலங்கை மலைநாட்டு உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் தோன்றியது.

ஈ வந்து சேர்ந்த வழியைக் காட்டிலும், வந்த இடத்தில் அது பெருகிய காரணமே நம் கவனத்துக்கு உரியது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் ஓட்மன், கென்னடி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1976-இல் வெளியிட்ட பரிசோதனை இவ்விஷயத்தில் தெளிவான சாட்சி. தக்காளியில் மெத்தோமில் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்த பாத்திகளில் இலைத்துளைப்பான் குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. மருந்தே படாத பாத்திகளில் அது அடங்கியிருந்தது. மருந்து, இலையின் தோலுக்குள் பத்திரமாக இருந்த புழுவை விட்டுவிட்டு, அதன் சத்துருக்களை அழித்துவிட்டதே இந்த விபரீதத்தின் ரகசியம்.

அந்தச் சத்துருக்கள் ஈயைப்போலவே மிகச் சிறிய குளவிகள். டிக்ளிஃபஸ் என்னும் குளவியின் செய்கையைப் பூதக்கண்ணாடியின் உதவியால் கவனித்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். இலையின் மேல் நடந்து திரிந்து, புழு இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, தோலின் வழியே கொடுக்கைச் செலுத்திப் புழுவை அசைவற்றதாக்கி, அதன் பக்கத்தில் முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவை வெளியிலிருந்தே உறிஞ்சித் தீர்க்கிறது. பிறகு கூட்டுப்புழுவாகும் தருணத்தில், இலை வாடிச் சுருங்கி மேல்தோல் தன்மேல் அழுந்திவிடாதபடி, தன் கழிவையே கொண்டு சுற்றிலும் சிறு கரிய தூண்களை எழுப்பி, தோலுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மண்டபத்தை நிறுத்திக்கொள்கிறது. அந்தத் தூண்கள் இலைக்கு வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தாய்க்குளவியோ முட்டை வைப்பதற்காகக் கொல்லும் புழுக்களோடு நில்லாமல், தன் சொந்த ஆகாரத்துக்காகவும் பல புழுக்களைக் குத்திக் கொன்றுவிடுகிறது. இவ்வளவு உபகாரம் செய்யும் ஜீவன், இலையின் மேற்பரப்பில் நடமாடுவதனாலேயே, தெளிக்கும் மருந்தில் முதலாவதாக நனைந்து மடிகிறது. ஈக்களோ சில ஆண்டுகளுக்குள் அம்மருந்தைத் தாங்கும் வல்லமையைப் பெற்றுவிடுகின்றன.

இந்த உண்மை எவருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் நஷ்டத்துக்கு அறியாமையைக் காரணமாகச் சொல்லி ஆறுதல் அடையலாம். ஆனால் பெரு நாட்டில் லீமா நகருக்குத் தெற்கே, கடலோரப் பாலைநிலத்தின் நடுவே ஆற்றுப் பாசனத்தால் செழித்திருக்கும் கான்யெட்டே பள்ளத்தாக்கின் சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. அங்கே 1949 முதல் பருத்திக்கு டி.டி.டி. முதலான மருந்துகளைத் தாராளமாகத் தெளித்து, முதற்சில ஆண்டுகள் மகசூல் பெருகக் கண்ட விவசாயிகள், பூச்சிகள் எதிர்ப்புச் சக்தி பெற்று, முன்பு இல்லாத புதிய பூச்சிகளும் கிளம்பி, 1956 வாக்கில் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை இழந்தார்கள். அதன்பின் அம்மருந்துகளைத் தங்களுக்குள் கட்டுப்படுத்தி, நன்மை செய்யும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டு, பருத்தியை மீட்டார்கள். பிற்காலத்தில் அதே பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பரவியபோது, மருந்து தெளிப்பும் கூடவே பரவி, அதுவரை அற்பமாக இருந்த இலைத்துளைப்பான் பிரதான விரோதியாக எழுந்தது. லீமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்தார், மஞ்சள் நிறத்தை நாடி வரும் ஈயின் சுபாவத்தைப் பயன்படுத்தி, பசை தடவிய மஞ்சள் பிளாஸ்டிக் விரிப்புகளைச் செடிகளின் மேலாக ஆட்கள் எடுத்துச் சென்று ஈயைப் பிடிக்கும் முறையை அங்கே பழக்க வேண்டியதாயிற்று.

இந்தோனேசியாவிலும் இதே கதைதான். நெல்லில் புகையான் பூச்சி பெருகியதற்கு மருந்தே காரணம் என்று உணர்ந்து, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து, பிறகு விவசாயிகளுக்கு வயலிலேயே பள்ளிக்கூடம் நடத்தி உலகுக்கு முன்மாதிரியாக நின்ற தேசம் அது. எட்டே ஆண்டுகள் கழித்து, அதே தேசத்தின் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்குச் செடி வெளுத்தபோது, தெளிப்பானே முதல் வைத்தியம் ஆயிற்று. பருத்தியில் கற்ற பாடம் உருளைக்கிழங்குக்கும், நெல்லில் கற்ற பாடம் காய்கறிக்கும் வரப்பைத் தாண்டிப் போகவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு உண்டாகும் வருத்தம் பெரிது. ஜாவாவில் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், அந்நாட்டில் இயல்பாகவே வாழும் குளவிகள், முக்கியமாக ஹெமிப்டார்செனஸ் என்னும் வகை, வந்தேறிய ஈயைத் தாமாகவே தேடித் தாக்குவதைக் காட்டின. இந்தியாவிலும் அவ்வகைக் குளவி டிரைஃபோலியின் புழுக்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. இயற்கை நமக்காக அனுப்பிவைத்த காவலர்களை நம் கையாலேயே கொல்வதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நாற்றுப் பருவத்தில் இதன் உபத்திரவம் மெய்யானதுதான். இலை பறித்து விற்கும் கீரைகளில் சில கோடுகள் விழுந்தாலே விலை போய்விடும் என்பதும் மெய்தான். ஆனால் வளர்ந்த தக்காளிச் செடி அடியிலைகளில் விழும் கோடுகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பழத்தை இந்தப் புழு தொடுவதே இல்லை. ஆகையால் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து கோடு விழுந்த இலைகள் சிலவற்றைக் கிள்ளி, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். கோட்டின் முனையில் மஞ்சள் புழு உயிரோடு நெளிந்தால், பயிரும் இளம்பயிராக இருந்தால், அந்த இலைகளைப் புழு மண்ணில் இறங்குவதற்கு முன் பறித்து அழித்துவிட்டு, வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். புழு கறுத்து வதங்கியிருந்தாலோ, அதைச் சுற்றிக் கரிய தூண்கள் நின்றிருந்தாலோ, அந்த இலைக்குள் இன்னும் வெளிவராத குளவி இருக்கக்கூடும். அதைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும்.