பாட்டிக்கு 105 ஏன் ஆபத்து?

வழுக்கி விழுந்த 75 வயதுப் பாட்டியை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். மேல் ரத்த அழுத்தம் 105, நாடித்துடிப்பு 80. இளைஞருக்கு இவை கவலை தராத எண்கள். பாட்டிக்கோ உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

எப்படி? ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும். ஆனால் துடிப்பை வேகப்படுத்தும் அட்ரினலினுக்கு முதிய இதயம் முன்போல் இசைந்து கொடுப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் நாடி இன்னும் அடங்கியே இருக்கும். மேல் அழுத்தம் வழக்கமாக 150 இருப்பவருக்கு 105 பெரிய சரிவு. அதனால்தான் அமெரிக்காவின் விபத்துக் காய வழிகாட்டுதல், 65 வயதிலிருந்து 110க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்கிறது. இளையோருக்கு அந்த எல்லை 90.

தலையில் பட்ட அடி இன்னும் ஏமாற்றும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதன் மேற்பரப்பிலிருந்து மண்டையோட்டுப் பக்கம் செல்லும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. சிறிய அடியிலும் அவை கிழியலாம். உள்ளே இடம் இருப்பதால் தேங்கும் ரத்தம் உடனே மூளையை அழுத்தாது; சில நாள், சில வாரம் கழித்துக்கூடக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். அதை ‘வயசாயிடுச்சு’ என்று ஒதுக்கிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா, வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.