பிலிமா, டிஜிட்டலா?

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் இப்போது பழைய பிலிம் காமிராக்களைத் தேடி அலைகிறார்கள். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த யாஷிகாவைத் துடைத்து வைத்துக்கொண்டு, "இதில் எடுத்தால் படம் அழகாக இருக்குமாமே?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களோ, பரணில் கிடக்கும் நெகடிவ்களை வைத்துக்கொள்வதா, எறிவதா என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

பிலிமில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட துகள்கள் டெவலப்பரில் கறுப்பு வெள்ளியாக மாறுகின்றன. மீதியை ஹைப்போ கரைத்துவிடும். கலர் பிலிமிலோ வெள்ளி முழுவதையும் நீக்கிவிட்டுச் சாயத்தை மட்டுமே விட்டுவைக்கிறார்கள். உலோகம் நிலைக்கும், சாயம் வெளுக்கும். பாட்டியின் 1950-ஆம் வருடக் கல்யாணப் படம் பளிச்சென்று இருக்க, 1980-இல் எடுத்த கலர்ப் படம் செம்மை ஏறிக் கிடப்பதன் காரணம் இதுதான். ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிஜிட்டலில் ரசாயனம் கிடையாது. சிலிக்கான் தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்துக்கேற்ற மின்னூட்டம் சேர, அதை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. 1975-இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கையடக்க டிஜிட்டல் காமிராவில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகள்தான். ஒரு படத்தை காஸெட் டேப்பில் பதிய 23 விநாடிகள். அதே கோடக் 2012-இல் திவால் மனு போட்டது. நம் ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் கோடக், இல்போர்ட் பெயர்களில் பிலிம் ரோல்கள் இன்றும் தயாராகின்றன. விலைதான் கையைக் கடிக்கிறது.

படத்தின் தரத்தில் எது மேல்? நடுப்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுத்துப் பாருங்கள். கலர் நெகடிவ் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். வேட்டியின் மடிப்பு தெரியும். டிஜிட்டலில் வெளிச்சம் அளவு மீறினால் வெறும் வெள்ளைதான், பிறகு மீட்க முடியாது. ஆனால் கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் இன்றைய செல்போன் எடுப்பதை 400 வேக பிலிம் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கவே எடுக்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாலத்தில் துரு ஏறினால் கண்ணுக்குத் தெரியும், சரி செய்ய அவகாசம் உண்டு. ஆனால் உள்ளே வெடிப்பு விட்ட தண்டவாளம் முன்னறிவிப்பின்றி முறியும். பிலிம் முதல் ரகம், டிஜிட்டல் இரண்டாவது. நெகடிவ் கீறினாலும் மங்கினாலும் முகம் தெரியும். ஹார்ட் டிஸ்க் பழுதானால் பத்து வருடப் படங்களும் ஒரே நாளில் போகும். ஊரை விட்டு வந்த நமக்கு, இடிந்துபோன பூர்வீக வீடும் மறைந்த உறவினரும் மிஞ்சியிருப்பது இந்தப் படங்களில்தானே!

ஆகவே அன்றாடத்துக்கு டிஜிட்டலே போதும், பிரதிதான் முக்கியம். ஒன்று வீட்டில், ஒன்று இணையத்தில், இன்னொன்று வேறு ஊரிலுள்ள தம்பி வீட்டில். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலப்படம் என்று நம்பவேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வருடத்துக்கு முப்பது படங்களையாவது பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வையுங்கள்.

பையனுக்கு பிலிம் ஆசை இருந்தால் கறுப்பு-வெள்ளை ரோல் வாங்கிக் கொடுக்கலாம், வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொள்வான். ஊருக்குப் போகும்போது ரோலை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. அங்குள்ள எக்ஸ்ரே கடுமையானது. கையில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லவேண்டும்.

நெகடிவ்களை எறியாதீர்கள். 35 மி.மீ. நெகடிவை 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டுக்குப் போதும். ஸ்கேன் ஆனபின்பும் நெகடிவ் இருக்கட்டும். மும்பை, கல்கத்தா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். டில்லி மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணில் சூடு கொல்லும். காகித உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து, கீழறை அலமாரியில் வையுங்கள். திறக்கும்போது வினிகர் வாசனை அடித்தால் அந்த பிலிமின் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.