கோடையில் காவல் நாய்களை நடத்திச் செல்லும் முறை

பண்ணையத்தில் உழவு மாட்டிற்கும் கறவை மாட்டிற்கும் உள்ள இடம் யாவரும் அறிந்ததே. காவல் நாய்க்கு உள்ள இடத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. திருப்பூர் ஜில்லா மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதி நதியின் பழைய ராஜவாய்க்கால்களுள் ஒன்றினால் பாசனம் பெறும் கணியூர்ப் பகுதியில், குடியானவர்களில் பலர் ஊருக்குள் இல்லாமல் தத்தம் தோட்டத்துச் சாளைகளிலேயே வசித்து வருகின்றனர். இரவில் தென்னந்தோப்பில் விழும் காய்க்கும், களத்தில் குவித்த தானியத்திற்கும், பட்டியில் அடைத்த ஆட்டிற்கும் நாயே காவல். தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் மேயும் செம்மறிகளுக்கும் அதுவே துணை. நன்கு பழகிய காவல் நாய் ஒன்றை இழந்தவர், அதற்கு ஈடான மற்றொன்றைப் பழக்கி எடுக்க இரண்டு வருஷமாவது ஆகும் என்பதை அறிவார்.

உழவு மாட்டை வைத்து வேலை செய்தவர் எவரும் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஏர் ஓட்டியதில்லை. விடியுமுன் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்து, மாட்டை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுவதே முன்னோர் வழக்கம். உழவு பெரும்பாலும் டிராக்டர் வசம் சென்றுவிட்ட இக்காலத்திலும் அவ்வழக்கம் மறந்துபோகவில்லை. ஆனால் மாட்டிற்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை நாய்க்குக் காட்டுவோர் குறைவு. குடியானவர் நண்பகலில் மோப்பெட் வண்டியில் தார் ரோட்டு வழியே தோட்டத்திற்குச் செல்கிறார். நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு மைல் பின்னால் ஓடிவருகிறது. சிலர் சங்கிலியை வண்டியிலேயே கட்டிவிடுவதும் உண்டு. நாய் களைத்துவிட்டால் தானே நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. நாய் தன் எஜமானனை விட்டு நிற்காது, விழும்வரை ஓடும். ஆகையால் நிறுத்த வேண்டியவர் எஜமானரே.

நாயின் தேகமும் உஷ்ணமும்

மனிதனுக்கும் மாட்டிற்கும் தேகம் முழுவதும் வியர்வை உண்டு. அவ்வியர்வை ஆவியாகும்போது உடற்சூடு தணிகிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில் மாத்திரமே சொற்ப வியர்வை உண்டாகும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. நாக்கை நீட்டி விரைவாக இரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கையில் நிமிஷத்திற்கு 15 முதல் 30 வரை மூச்சு விடும் நாய், வெயிலில் இரைக்கும்போது 200, 300 தடவை வரை மூச்சு விடுவது இதனாலேதான்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வாயின் ஈரம் எளிதில் ஆவியாகாது. ஆகவே கோடை மழை பெய்த மறுநாள் காணும் புழுக்கத்திலும், காற்றோட்டமில்லாத கரும்புத் தோட்டத்தின் நடுவிலும், வெயில் குறைவாகத் தோன்றினும் அபாயம் குறைவதில்லை. கடிக்குமென்று அஞ்சி நாயின் வாயைக் கயிற்றினால் இறுகக் கட்டி நடத்திச் செல்வது மிகவும் தவறு. அது வியர்வைத் துவாரங்களை அடைத்து மனிதனை வெயிலில் ஓட்டுவதை ஒக்கும். வாய்ப்பூட்டு அவசியமாயின், உள்ளே வாயைத் திறந்து இரைக்க இடமுள்ள கூடு போன்ற பூட்டையே உபயோகிக்க வேண்டும்.

ஆரோக்கியமான நாயின் தேக உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 101 முதல் 102½ டிகிரி வரை இருக்கும். அது 106 டிகிரியை எட்டினால் மூளை, குடல், சிறுநீரகம் முதலியன கெடத் தொடங்குகின்றன. கட்டிப்போட்ட நாய்க்கும், மூடிய காரில் விட்ட நாய்க்குமே இவ்வாபத்து நேரும் என்று பலர் எண்ணுகின்றனர். கணியூரைவிட மிகக் குளிர்ந்த தேசமாகிய இங்கிலாந்தில், கால்நடை மருத்துவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவு வேறாக இருக்கிறது. உஷ்ண நோய் கண்ட நாய்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு, நடத்தல், ஓடுதல் முதலிய தேக உழைப்பினாலேயே அந்நோயை அடைந்தன. குளிர் தேசத்து நிலையே இதுவாயின், அக்கினி நட்சத்திர காலத்தில் நம் நாட்டில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தின் சூடு

மனிதன் செருப்பணிந்து நடக்கிறான். மாட்டிற்குக் குளம்பும் லாடமும் உண்டு. நாயின் பாதம் தடித்த தோலேயாயினும் தோல்தான். வெயில் காயும் நாட்களில் தார் ரோடு காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். 125 டிகிரிக்கு மேற்பட்ட சூடு சாதாரணம். அச்சூட்டில் சிறிது நேரம் நின்றாலும் பாதம் கொப்புளிக்கும். மேலும் நாயின் வயிறு தரைக்கு அருகில் இருப்பதால், மேலிருந்து வரும் வெயிலும் கீழிருந்து எழும் அனலும் அதனை ஒருங்கே தாக்குகின்றன.

இதை அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிடில் அத்தரையில் நாயை நடத்தலாகாது. சூரியன் மறைந்த பின்னும் தார் ரோடு நெடுநேரம் சூடாக இருக்குமாதலால், மாலையிலும் இச்சோதனையைச் செய்தல் நலம்.

நேரமும் பாதையும்

பங்குனி முதல் வைகாசி முடிய, நாயைத் தோட்டத்திற்கோ மேய்ச்சலுக்கோ அழைத்துச் செல்லும் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் தரையின் சூடு ஆறிய பின்னரே புறப்பட வேண்டும். இரண்டு பாதைகள் இருப்பின் தார் ரோட்டை விடுத்து, வாய்க்கால் கரை, வண்டித்தடம், தோப்பு நிழல் ஆகிய வழிகளைக் கொள்க. ஆடு மேய்ப்பவர், ஆடுகள் மர நிழலில் அடையும் நேரத்தில் நாயையும் நிழலில் படுக்க விட வேண்டும். சிதறிய ஆட்டை மறிக்க அதனை அந்நேரத்தில் ஏவலாகாது. தண்ணீரை அடிக்கடி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். வாகனத்தின் பின்னே நாயை ஓட்டும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்.

சாளையில் கட்டி வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தகரக் கொட்டகையின் கீழ் நிழல் உண்டு, குளிர்ச்சி இல்லை. வேப்பமரத்தடியிலோ, தென்னங்கீற்று வேய்ந்த காற்றோட்டமான கொட்டகையிலோ கட்டுவது நல்லது. தண்ணீரை அலுமினியப் பாத்திரத்தில் வைப்பதைவிட மண்சட்டியில் வைத்தால் குளிர்ந்திருக்கும். சந்தைக்குக் காரில் செல்வோர் நாயை உள்ளே விட்டுக் கதவை மூடிச் செல்லலாகாது. வெளியில் 85 டிகிரி இருக்கும்போதே மூடிய காரின் உள்ளே பத்து நிமிஷத்தில் 100 டிகிரியைத் தாண்டிவிடும்.

எல்லா நாய்களும் வெயிலை ஒன்றுபோல் தாங்குவதில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்கள் மெலிந்த தேகமும், குட்டை மயிரும், நீண்ட முகமும் உடையவை. ஆகவே அவை ஓரளவு வெயில் தாங்கும். எனினும் அவையும் இரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டியவை. தற்காலத்தில் சாளைகளிலும் வெளிதேச நாய்கள் வளர்க்கப்படுகின்றன. முகம் சப்பையான பக், புல்டாக் முதலியவற்றிற்கு மூச்சுப்பாதை குறுகியது. அடர்ந்த மயிருள்ளவை குளிர்ப் பிரதேசத்திற்கு உரியவை. இவற்றையும், கிழட்டு நாய், கொழுத்த நாய், சினை நாய், குட்டி ஆகியவற்றையும் கோடைப் பகலில் வெளியே கொண்டு செல்லாதிருப்பதே உத்தமம்.

அபாயக் குறிகளும் சிகிச்சையும்

இரைப்பு நிழலுக்கு வந்த பின்னும் அடங்காமை, கெட்டியான எச்சில் ஒழுகுதல், ஈறும் நாக்கும் கடுஞ்சிவப்பாதல், தள்ளாடுதல், வாந்தி, இரத்தங் கலந்த பேதி, வலிப்பு, நினைவிழத்தல் ஆகியவை உஷ்ண நோயின் குறிகள். முதற்குறி கண்டவுடனேயே நடையை நிறுத்தி நாயை நிழலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதன்பின் தாமதமின்றி அதன் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் இதற்கு ஏற்றவை; பனிக்கட்டிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. திடமான இளம் நாயாயின், தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துத் தொட்டியில் இறக்கலாம். கிழட்டு நாயாயின், நீரூற்றி விசிறுவதே நலம். ஈரச் சாக்கினால் மூடி வைப்பது கூடாது. சாக்கு விரைவில் சூடேறிக் காற்றைத் தடுக்கும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலிற் சென்று உயிரைப் போக்கும்.

முதலில் குளிர்விக்க வேண்டும். பிறகே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இவ்வரிசை முக்கியமானது. உடல் கொதிக்கும் நாயை அப்படியே வண்டியில் ஏற்றிச் சென்றால், வழியிலேயே நிலைமை முற்றிவிடும். எழுந்து நடக்கத் தொடங்கிய நாயையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்புகளின் கேடு ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளிப்படலாம்.

வெறிநோய் என்னும் ஐயம்

கோடையில் வாயில் நுரை ஒழுகத் தள்ளாடும் நாயைக் கண்டால், வெறிநாய் என்று கூவி அடித்துக் கொல்லும் வழக்கம் கிராமங்களில் உண்டு. உஷ்ண நோயினால் வாடிய நல்ல காவல் நாய்களும் இவ்வாறு மாளக்கூடும். அதே சமயம், வெறிநாயை வெயிலில் களைத்த நாயென்று எண்ணி அருகே செல்வதோ மனித உயிருக்கே அபாயம். வெறிநோய்க் குறிகள் தோன்றிய மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. கூனூரில் 1907-ல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் நிறுவப்பட்டதும் இந்நோயைத் தடுக்கும் பொருட்டே.

உஷ்ண நோய் வெயிலில் உழைத்த சிறிது நேரத்திற்குள் திடீரெனக் காணும். வெறிநோய் நாளுக்கு நாள் முற்றி, சுமார் பத்து நாட்களுக்குள் நாயைக் கொல்லும். தண்ணீரைக் கண்டு அஞ்சுவது வெறிநோய் கண்ட மனிதனின் குறி. நாய்க்கு அது நிச்சயமான குறியன்று. ஆகவே தண்ணீர் காட்டிச் சோதிப்பது பயனற்றது. வெறும் பார்வையால் இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாத சமயங்களும் உண்டு.

இந்தத் தர்மசங்கடத்தை நீக்கும் வழி ஒன்றே. மூன்று மாதக் குட்டியாயிருக்கும்போதே தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறியபடி தவறாமல் மறு ஊசி போட்டு, அதன் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அத்தகைய நாய் வெயிலில் விழுந்தால் எஜமானர் தயக்கமின்றித் தொட்டுக் காப்பாற்றலாம். வரலாறு தெரியாத நாயாயின் கையால் தொடாமல், தூரத்திலிருந்து நீர் வீசி, குழந்தைகளை விலக்கி, கால்நடை மருத்துவருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

நாய் வைத்திருப்போர் அதற்குப் போதிய உணவும் நீரும் நிழலும் கொடாமையும், மிகக் குறுகிய சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டி வைப்பதும் 1960-ஆம் வருஷத்திய பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். தண்டனையைவிடச் சௌகரியம் செய்து கொடுப்பதே பெரும்பயன் தரும். சந்தைப்பேட்டை, பஸ் நிறுத்தம், வாய்க்கால் பாலம் முதலிய இடங்களில் தாழ்வான தண்ணீர்த் தொட்டி ஒன்று அமைத்தால் ஆடு, மாடு, நாய் யாவும் பயனடையும். டெங்கு கொசு பெருகாதிருக்க வாரத்திற்கு ஒரு முறையேனும் அதனைக் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். ரோட்டோரப் புளியமரங்களையும் வேப்பமரங்களையும் காப்பது, நடந்து செல்லும் எல்லா ஜீவன்களுக்கும் செய்யும் உபகாரமாகும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. மண்சட்டி ஒன்று, மரநிழல் சிறிது, புறங்கைச் சோதனை, தடுப்பூசிச் சீட்டு ஆகியவையே வேண்டுவன. வெயில் ஏறுமுன் ஏரை அவிழ்க்கத் தெரிந்த குடியானவருக்கு, வெயில் ஏறுமுன் நாயை நிழலில் கட்டவும் தெரியும். இரவெல்லாம் விழித்திருந்து தோட்டம் காத்த பிராணிக்குப் பகலில் அவர் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.